உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளைக்குப் பல் சீரமைப்பு: எந்த வயதில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது

உதட்டைத் தைத்து, அண்ணத்தையும் மூடிவிட்டார்கள் என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். கண்டம் தாண்டியாயிற்று என்று நல்லூரில் ஒரு அருச்சனையும் நடக்கும். ஆறேழு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கத் தொடங்கும்போதுதான் அடுத்த கவலை ஆரம்பிக்கும். ஒரு முன்பல் திரும்பி நிற்கும், பக்கத்துப் பல் வரவே வராது, இன்னொன்று அண்ணத்துப் பக்கமாக எட்டிப் பார்க்கும். "கம்பி போட்டால் சரி வந்துவிடும்தானே?" என்று அம்மம்மாவிலிருந்து அயல்வீடு வரை எல்லோரும் கேட்பார்கள்.

சரி வரும். ஆனால் ஒரே தடவையில் கம்பி போட்டு முடிகிற வேலை இல்லை இது. பிள்ளை பிறந்ததிலிருந்து பதினெட்டு, இருபது வயது வரை இடையிடையே வரும் சின்னச் சின்ன வேலைகள், நடுவில் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்க வேண்டிய நீண்ட காலங்கள். பெற்றோர் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, பல் கோணல் என்று அவசரப்பட்டு முந்திக் கம்பி போடுவது. மற்றது, எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையில் வருகிற, பிளந்த முரசுக்குள் எலும்பு வைக்கும் காலத்தைக் கைநழுவ விடுவது. இரண்டில் இரண்டாவதுதான் மோசம். என் மகளோடு இந்த வழி முழுக்க நடந்து வந்தவள் என்ற முறையில், மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த வயதை மட்டும் மறக்காதீர்கள் என்று சொல்வேன்.

முதலில், பிளவு எதுவரை போகிறது?

உதட்டோடு மட்டும் நின்றுவிட்ட பிளவு என்றால் பல் வரிசைக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. பின் அண்ணத்தில் மட்டும் பிளவு என்றால் பேச்சும் காதும்தான் முதல் கவனம், மேல்தாடை கொஞ்சம் ஒடுங்கலாம். உதட்டில் தொடங்கி முரசெலும்பையும், அதாவது பல் பதிந்திருக்கும் எலும்பையும், பிளந்துகொண்டு அண்ணம் வரை போனால்தான் பல் வேலை கூட. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்கு. இரண்டு பக்கமும் பிளவு இருந்தால் முன்பற்கள் இருக்கும் எலும்புத் துண்டு தனியாக முன்னுக்குத் தள்ளி நிற்கும், அப்போது வேலை இன்னும் கூடும்.

முரசெலும்பு பிளந்த இடத்தில்தான் பக்க வெட்டும்பல் வரவேண்டும். அது பல பிள்ளைகளுக்கு இல்லாமலே போகும், அல்லது சின்னதாக, ஊசி மாதிரி வரும், சில வேளை ஒன்றுக்குப் பதில் இரண்டு வரும். அதற்கு அடுத்த வேட்டைப்பல்லுக்கு, அதாவது கூரான கோரைப்பல்லுக்கு, இறங்கி வர எலும்பே இருக்காது. பல் சீரமைப்பு நிபுணர் பல வருடம் யோசித்துத் திட்டம் போடுவதெல்லாம் இந்த ஒரு சின்ன இடைவெளியைச் சுற்றித்தான்.

இடையில் ஒன்று. உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது வருகிறது. உதடு பொருந்துவதும் அண்ணம் மூடுவதும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடுகிற விஷயம். கிரகணத்தன்று மரக்கறி வெட்டியதால்தான் இப்படி ஆனது என்று இன்னும் தாயைக் குத்திக்கொண்டிருக்கிற வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. கிரகணம் வரும்போது குழந்தையின் உதடு எப்போதோ பொருந்தி முடிந்திருக்கலாம் என்பதை அந்தப் பெரியவர்களிடம் யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை

முதல் பிரச்சினை பால் குடிப்பது. உதட்டில் மட்டும் பிளவு என்றால் தாய்ப்பால் பெரும்பாலும் குடிக்கும். அண்ணம் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது, மூக்கால் வரும். பாலைப் பிழிந்தெடுத்து, அமுக்கக் கூடிய மெத்தென்ற போத்தலிலோ கரண்டியிலோ, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது நிறை சரியாக ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள், நிறை ஏறாவிட்டால் ஓப்பரேசன் தள்ளிப் போகும்.

சில இடங்களில் இந்த வயதிலேயே அண்ணத்துக்கு அச்செடுத்து ஒரு சின்னத் தகடு செய்து, உதட்டில் பிளாஸ்ரர் ஒட்டி, பிரிந்து நிற்கும் முரசுகளைக் கிட்டக் கொண்டுவருவார்கள். மூக்கின் குருத்தெலும்பைத் தூக்கிவிட அதில் ஒரு சின்னத் தண்டும் இருக்கும். முதல் சில கிழமைகளில் குருத்தெலும்பு இளக்கமாக இருப்பதால் அப்போதே தொடங்க வேண்டும். கிட்டத்தட்டக் கிழமைக்கு ஒரு தடவை தகட்டைத் திருத்தக் கொண்டுபோக வேண்டும். குழந்தையின் வாயில் அச்செடுப்பதை ஆஸ்பத்திரியில், மூச்சுத் தடைப்பட்டால் உடனே பார்க்கக் கூடிய ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

இது கட்டாயமா என்று கேட்டால், இல்லை. நெதர்லாந்தில் மூன்று நிலையங்கள் சேர்ந்து குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மூக்குத் தண்டு இல்லாத சாதாரணத் தகட்டைப் போட்டு, ஆறு வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். தாடைக்கும் பல்லுக்கும் நிலைத்த பலன் தெரியவில்லை. மூக்கின் வடிவத்துக்கு உதவும் என்று சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் இன்றும் விரும்புகிறார்கள், அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் டொக்டர் சொன்னால் செய்யுங்கள். ஆனால் நெடுந்தீவிலிருந்து படகேறி, பச்சைக் குழந்தையோடு கிழமைக்குக் கிழமை அலைய முடியாமல் விட்டுப்போனால், பிள்ளையின் பல்லைக் கெடுத்துவிட்டோம் என்று அழத் தேவையில்லை.

உதட்டுக்கான ஓப்பரேசன் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், அண்ணத்துக்கு ஒரு வயதை ஒட்டி. இதற்குப் பிறகு காதில் நீர் தேங்குகிறதா என்று பார்ப்பதும் பேச்சுப் பயிற்சியும் தொடரும்.

ஒன்று முதல் ஆறு வயது: கம்பிக்கு வேலையில்லை, பிரஷுக்குத்தான் வேலை

பால்பற்கள் கோணலாக வரும், பிளவின் ஓரத்தில் மேலதிகமாக ஒன்று வரும், அண்ணத்தில் கூட ஒன்று முளைக்கும். விடுங்கள். இந்த வயதில் நிபுணர்கள் வழக்கமாகக் கம்பியைத் தொடுவதில்லை.

சூத்தை மட்டும் வரக் கூடாது. பிளவுக்குப் பக்கத்துப் பற்களின் மிளிரி, அதாவது பல்லின் வெளிப்பூச்சு, பலவேளை மெல்லியதாகவே இருக்கும், உதட்டுத் தழும்பு இறுகி இருப்பதால் பிரஷும் அங்கே போகாது. தையல் போட்ட இடம் நோகுமே என்று பயந்து அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடுகிற தாய்மாரைக் கிளினிக்கில் நிறையக் கண்டிருக்கிறேன். பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது பெருவிரலால் மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை சின்னதான பிரஷை நிமிர்த்தி வைத்து, பிளவை ஒட்டிய ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக மேலிருந்து கீழே தேய்க்க வேண்டும். முதல் நாட்களில் பிள்ளை கத்தும், பிறகு பழகும். புளோரைட் உள்ள பற்பசை, மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் பால் போத்தலோடு தூங்க விடாதீர்கள்.

முதல் பிறந்தநாளோடு ஒரு தடவை பல் வைத்தியரிடம் காட்டுங்கள், பள்ளிக்கூடம் போன பிறகு பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தையும் பயன்படுத்துங்கள். ஏதாவது பல்லைப் பிடுங்கச் சொன்னால், குறிப்பாகப் பிளவுக்குப் பக்கத்தில் என்றால், "பிளவுக் கிளினிக்கில் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள். பல் போனால் அதைச் சுற்றியிருந்த எலும்பும் தேயும், இந்தப் பிள்ளைகளிடம் அங்கே எலும்பே கொஞ்சம். பிறவியிலேயே இருதயக் கோளாறும் சேர்ந்திருக்கிற பிள்ளை என்றால் பல் பிடுங்க முன்னர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆறு, ஏழு வயது: முதல் முறையான பரிசோதனை

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பெரியாஸ்பத்திரியின் பற்சிகிச்சைப் பிரிவில் தொடங்கலாம். அங்கிருந்து தேவைக்கேற்ப பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. போக்குவரத்தும் சம்பளமில்லாத லீவும்தான் செலவு. நிரல் நீளமாக இருக்கலாம், அதனால்தான் பல் கோணலாகத் தெரியும்வரை காத்திராமல் ஆறு வயதிலேயே பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

தாடை முழுவதும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்றே எடுப்பார்கள், பல்லுக்கு அச்செடுப்பார்கள், முகத்தைப் படம் எடுப்பார்கள். எந்தப் பல் இல்லை, எது மேலதிகம், வேட்டைப்பல் எங்கே நிற்கிறது என்பது அந்த எக்ஸ்றேயில் தெரிந்துவிடும். ஒரு பிரதி கேளுங்கள், கைபேசியில் படமாவது பிடித்து வையுங்கள்.

பிளவுக்குப் பக்கத்து முன்பல் திரும்பி நிற்பதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் அவசரம் வரும். பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுகிறார்கள் என்று பிள்ளையும் அழும். ஆனால் அந்தப் பல்லின் வேருக்கும் பிளவுக்கும் நடுவில் இருப்பது தாள் மாதிரி மெல்லிய எலும்பு. எலும்பு வைக்க முன்னர் பல்லை இழுத்து நேராக்கினால் வேர் பிளவுக்குள் தள்ளப்படலாம், அப்படி நடந்தால் பல்லே கெட்டுவிடும். தனியார் கிளினிக்கில் உடனே போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பிளவுப் பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் இருக்கிறதா, எலும்பு வைப்பதற்கு முன்னரா பின்னரா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் எழும்பி வாருங்கள். பகிடிக்கு வகுப்பாசிரியரிடம் ஒரு தரம் போய்ப் பேசுவது கம்பியை விட வேகமாக வேலை செய்யும்.

ஏழு முதல் ஒன்பது: மேல்தாடையை அகட்டுவது

அண்ணத் தழும்பு இறுகுவதால் மேல்தாடை உள்ளுக்கு மடங்கி, மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிக்கும். எலும்பு வைக்க முன்னர் இதை அகட்டி, சத்திரசிகிச்சை நிபுணருக்கு இடம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வகைக் கருவி வழக்கம். ஒன்று, கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி அண்ணத்துக்குக் குறுக்கே நான்கு சுருள் உள்ள கம்பி, மாதக்கணக்கில் மெதுவாக அகட்டும், வீட்டில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. மற்றது நடுவில் திருகாணி உள்ளது. அதைத் திருகுவது உங்கள் வேலை. இரவு சாப்பிட்டுப் பல் தீட்டிய பிறகு, பிள்ளையைத் தலையணை இல்லாமல் படுக்க வைத்து, ஒருவர் டோர்ச் பிடிக்க, மற்றவர் சாவியைத் திருகாணியின் துவாரத்தில் முன்பக்கமாக விட்டுத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துவாரம் முன்னால் முழுதாகத் தெரிந்தால்தான் ஒரு திருகல் முடிந்தது, ஏறத்தாழ கால் மில்லிமீற்றர். பாதியில் விட்டால் அடுத்த நாள் சாவி உள்ளே போகாது. சாவியில் நீளமான நூல் ஒன்றைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், வழுக்கித் தொண்டைக்குள் விழாது. திருகியதும் மூக்கடியில் ஒரு இறுக்கம் வரும், சில நிமிடத்தில் போய்விடும். எத்தனை நாள், நாளுக்கு எத்தனை தடவை என்பது டொக்டர் எழுதித் தருவதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கு இல்லை.

அகட்டும்போது சொதியும் தேத்தண்ணியும் திடீரென்று மூக்கால் வரத் தொடங்கினால் பயப்படாதீர்கள். அண்ணத்தில் முன்னரே இருந்து மடிப்புக்குள் மறைந்திருந்த ஓட்டை, தாடை விரியும்போது வெளியே தெரிகிறது. அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள், பலவேளை எலும்பு வைக்கும்போது சேர்த்து மூடிவிடுவார்கள்.

மேல்தாடை பின்னுக்கு நிற்கிற சில பிள்ளைகளுக்கு இந்த வயதில் நெற்றியிலும் நாடியிலும் முட்டுக் கொடுத்து ரப்பரால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் முகக் கருவியும் கொடுப்பார்கள். நாளுக்கு 12 முதல் 14 மணித்தியாலம் போட வேண்டும், அதாவது வீட்டில் இருக்கும் நேரமும் தூக்கமும். நம் ஊர் வெக்கையில் நாடித் தோல் அவிந்து சிவக்கும், மெல்லிய பருத்தித் துணி வைத்தால் தாங்கும்.

மேல்தாடை ஏன் வளராமல் நிற்கிறது என்பதற்கான பெரிய விடை இலங்கையிலிருந்தே போனது. பிரித்தானியப் பல் சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் 1980களில் இங்கே வந்து, ஓப்பரேசனே செய்யாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்களின் தாடையை அளந்தார். 1990ல் வெளியான ஆய்வில், அவர்களின் மேல்தாடை கிட்டத்தட்டச் சாதாரணமாகவே வளர்ந்திருந்தது தெரிந்தது. வளர்ச்சியைப் பிடித்து வைப்பதில் பிளவை விட ஓப்பரேசன் தழும்புக்குத்தான் பங்கு கூட. அதற்காக ஓப்பரேசன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அண்ணம் மூடாவிட்டால் பேச்சுத் தெளிவாக வராது. பேச்சை வாங்க வளர்ச்சியில் கொஞ்சம் கொடுக்கிறோம், அந்தக் கடனைத்தான் பல் சீரமைப்பு நிபுணர் பிறகு அடைக்கப் பார்க்கிறார்.

எட்டு முதல் பதினொன்று: எலும்பு வைப்பது

இடுப்பு எலும்பிலிருந்து உள்ளே இருக்கும் மெத்தென்ற எலும்பைச் சுரண்டியெடுத்து முரசுப் பிளவுக்குள் நிரப்புவார்கள். வேட்டைப்பல்லின் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும்போது, அந்தப் பல் வெளியே வர முன்னர் செய்தால் பலன் கூட. 1986ல் ஒஸ்லோக் குழு வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு உலகம் முழுவதும் இந்த வழக்கம் நிலைத்துவிட்டது. புது எலும்புக்குள்ளால் வேட்டைப்பல் தானாக இறங்கி வரும், அது வருவதே வைத்த எலும்பையும் காப்பாற்றும். பல் வந்து முடிந்த பிறகு வைத்தால் எலும்பு தங்குவது குறையும். வயதை விட எக்ஸ்றேதான் நாளைச் சொல்லும், ஆகவே எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு கிளினிக்கிலும் "வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள்.

நம் ஊரில் இதற்குக் குறுக்கே நிற்பது புலமைப்பரிசில் பரீட்சை. சரியாக அதே வயது. நாலாம் வகுப்பிலிருந்தே விடியக் காலையும் பின்னேரமும் ரியூசன், "சோதனை முடியட்டும் டொக்டர்" என்று ஒரு வருடம் தள்ளுகிறார்கள், பிறகு நிரலில் இன்னும் தள்ளிப் போகிறது, அதற்குள் பல் வந்துவிடுகிறது. நான் ஒளிவில்லாமல் சொல்கிறேன், புலமைப்பரிசில் இல்லாமலும் பிள்ளை படிக்கும். டொக்டரிடம் பரீட்சைத் திகதியைச் சொல்லி, ஒன்றிரண்டு மாதம் முன்பின் ஆக்க முடியுமா என்று கேட்பது நியாயம், வருடக் கணக்கில் தள்ளுவதுதான் கூடாது.

ஓப்பரேசனுக்குச் சில கிழமைக்கு முன்னரே பிளவில் இருக்கும் மேலதிகப் பல்லையும் பால்பல்லையும் பிடுங்கிவிடுவார்கள். சூத்தைப் பல் இருந்தால் அதுவும் அடைத்து முடிந்திருக்க வேண்டும், கிருமி சேர்ந்தால் வைத்த எலும்பு போய்விடும். ஓப்பரேசனுக்குப் பிறகு வாயை விட இடுப்புத்தான் நோகும், சில நாள் நொண்டி நடக்கும். கஞ்சி, குழைந்த சோறு, ஆறிய கூழ் என்று மெத்தென்ற சாப்பாடு கொடுங்கள், உறைப்பை நிறுத்துங்கள். மூக்கைப் பலமாகச் சீற விடாதீர்கள். ஆறு மாதமளவில் எக்ஸ்றே எடுத்து எலும்பு பிடித்ததா என்று பார்ப்பார்கள். வேட்டைப்பல் தானாக வராவிட்டால் முரசைத் திறந்து சின்னச் சங்கிலி கட்டி இறக்குவதும் உண்டு.

பதினொன்று முதல் பதினைந்து: இப்போதுதான் முழுக் கம்பி

எல்லாப் பல்லும் வந்த பிறகு ஒவ்வொரு பல்லிலும் கம்பியைப் பிடிக்கும் ஒரு சின்ன ஒட்டு வைத்துக் கம்பி போடுவார்கள், பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை வருடம். இங்கே தீர்மானிக்க வேண்டியது அந்த இல்லாத பல்லின் இடம். வேட்டைப்பல்லை முன்னுக்கு நகர்த்தி, தேய்த்து வடிவம் மாற்றி, இடைவெளியை மூடலாம். அல்லது இடத்தைத் திறந்து வைத்துச் செயற்கைப் பல் வைக்கலாம். எலும்பில் பதிக்கும் பல் என்றால் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை பிளேட்டில் பல். எனக்குப் பிடித்தது மூடுவதுதான், சொந்தப் பல், பிறகு செலவில்லை. ஆனால் மேல்தாடை ஏற்கெனவே சிறியதாக இருந்தால் மூடுவது பொருந்தாது என்று நிபுணர் சொல்லலாம், அப்போது அவர் சொல்வதே சரி.

பதின்மூன்று வயதளவில் கீழ்த்தாடை முன்னுக்கு வளரத் தொடங்கினால், "இந்தப் பிள்ளைக்குப் பிறகு தாடை ஓப்பரேசன் தேவைப்படுமா?" என்று பல் பிடுங்க முன்னரே கேட்டுவிடுங்கள். பல்லை மட்டும் சாய்த்துக் கடியை ஒப்பேற்றுவது ஒரு திசை, தாடை ஓப்பரேசனுக்குப் பல்லைத் தயார்ப்படுத்துவது அதற்கு நேர் எதிர்த் திசை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதுக்கு மாறினால் வருடங்கள் வீணாகும்.

சாப்பாட்டில், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, முறுக்கு, கச்சான் அல்வா எல்லாம் கம்பி கழற்றிய பிறகு. பனாட்டு பல்லில் பிடித்துக்கொண்டு அந்த ஒட்டையே பிய்த்தெடுக்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை விதையோடு சூப்பாமல் வெட்டிச் சாப்பிடலாம், நார் மாட்டினால் இடைப்பல் பிரஷால் எடுக்க வேண்டும். புட்டும் இடியப்பமும் பிரச்சினையில்லை. ஒட்டு ஒன்று கழன்றால் அடுத்த திகதி வரை விடாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கம்பி கன்னத்தில் குத்தினால் கிளினிக்கில் தரும் மெழுகை உருட்டி அதில் அப்பிவிடலாம்.

பதினாறுக்குப் பிறகு

சிலருக்குக் கம்பியோடு முடியும். மேல்தாடை நன்றாகப் பின்னுக்கு இருந்தால் அதை வெட்டி முன்னுக்கு நகர்த்தும் ஓப்பரேசன் தேவைப்படும். வளர்ச்சி நின்ற பிறகுதான் செய்வார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தி, பையன்களுக்குப் பதினெட்டை ஒட்டி அல்லது அதற்குப் பிறகு. மேல்தாடை முன்னுக்குப் போகும்போது அண்ணமும் கூடப் போவதால் பேச்சில் மூக்கொலி கூடலாம். ஆகவே முன்னரே பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டிப் பதிந்து வையுங்கள்.

கம்பி கழற்றிய பிறகு பற்களைப் பிடித்து வைக்கும் பிளேட்டை விடவே கூடாது. தழும்பு தாடையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டேயிருக்கும், மற்றப் பிள்ளைகளை விட இவர்களுக்கு வேகமாகக் கலையும். இரவில் போடுவது வருடக் கணக்கில் தொடரும். சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துவிடும். கல்யாண வீட்டில் கழற்றி வாழையிலை ஓரத்தில் வைத்துவிட்டு எழும்பினால் இலையோடு போய்விடும், பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கடைசியாக, கிளினிக் கொப்பி, ஓப்பரேசன் துண்டு, எக்ஸ்றே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ குடும்பமாகப் போக வாய்ப்பு வந்தால், போகும் முன்னர் நிபுணரிடம் இதுவரை செய்தது, இனிச் செய்யவேண்டியது இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். பல் அச்சுகள் சாந்தில் வார்த்தவை, பெட்டியில் உடைந்துவிடும், அதனால் அவற்றை எல்லாப் பக்கத்தாலும் படம் பிடித்து எடுத்துப் போவது வசதி.